தேம்பாவணி பேச வந்தவளிடம் ஜெபம் கேட்டவர்களுக்கு

சனிக்கிழமை வீடியோவைப் பார்த்துவிட்டு, "இதற்காகவா மேடையை விட்டு இறங்கினீர்கள்?" என்று கேட்கிறீர்கள். ஆம், இதற்காகத்தான்.

அது காப்பியக் கருத்தரங்கம். கம்பனைப் பேச வந்தவர் பேராசிரியர். நபிகளின் வரலாறு சொல்லும் சீறாப்புராணம் பேச வந்தவரும் பேராசிரியர். தேம்பாவணி என்ற கிறிஸ்தவக் காப்பியம் பேச வந்த நான் மட்டும் 'சகோதரி'. போதாததற்கு, "முதலில் ஒரு சின்ன ஜெபம் செய்துவிடுங்கள்" என்றார்கள். கம்பனைப் பேசியவரிடம் தீபாராதனை காட்டச் சொன்னீர்களா?

ஜெபம் செய்வது கேவலமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் உபதேசியார் மகள். காலையும் இரவும் ஜெபிக்கிறவள். ஆனால் அன்று இலக்கியம் பேச வந்தேன். தேம்பாவணி தமிழ் இலக்கியம். பதினொரு ஆண்டுகளாக வகுப்பில் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என் வாய்மொழித் தேர்வில் ஒரு பெரியவர், "இதில் பக்தியைக் கழித்தால் என்ன மிஞ்சும்?" என்றார். அன்று நாக்கு ஒட்டிக்கொண்டது. இன்று சொல்கிறேன். 'உலகம் யாவையும்' என்று தொடங்கும் கம்பன், ஆக்கல், காத்தல், நீக்கல் மூன்றையும் சொல்லிச் சரணடைகிறான். 3,615 பாடல் கொண்ட தேம்பாவணி, 'சீரிய உலகம் மூன்றும் செய்தளித்து அழிப்ப வல்லாய்' என்று தொடங்குகிறது. இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர், இயேசுவின் வளர்ப்புத் தந்தை யோசேப்பின் கதையைச் சொல்லக் கம்பன் திறந்த வாசல் வழியாகவே நுழைகிறார். கிறிஸ்தவ இறையியல் தமிழின் முத்தொழிலை எடுத்துக்கொள்ளும்போது அங்கே எது மாறுகிறது? இறையியலா, தமிழா? என் ஆய்வே இந்தக் கேள்விதான். பக்தியைக் கழித்தால் கம்பனில் மட்டும் என்ன மிஞ்சும் ஐயா?

"வீரமாமுனிவர் மதம் பரப்ப வந்தவர்தானே?" ஆம், அதற்குத்தான் வந்தார். வந்தவர் 1732இல் சதுரகராதி என்ற தமிழ் அகராதியும் தந்தார். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

எனக்கு வலிப்பது வேறு. நம் சபையாரும் இதைப் படிப்பதில்லை. தமிழ் எம்.ஏ. சேர்ந்தபோது, "பெண்ணை வேதாகமக் கல்லூரிக்கு அனுப்பாமல் புராணம் படிக்க அனுப்புகிறீரே" என்று அப்பாவிடம் சண்டைக்கு வந்தார்கள். இலக்கியக்காரர்களுக்கு நான் சபைக்காரி, சபைக்கு நான் வழிதவறியவள். ஞாயிறுதோறும் வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனையை உருகிப் பாடுகிறோமே, அவருடைய பெத்லகேம் குறவஞ்சியை எத்தனை வீடுகளில் திறந்து பார்த்திருக்கிறோம்?

அப்பா திறந்து பார்த்தவர். கிருஷ்ண பிள்ளையின் கிறிஸ்தவக் காப்பியமான இரட்சணிய யாத்திரிகம்தான் அப்பாவின் புத்தகம். புத்தகத்தின் முதுகு கிழிந்ததும் சாக்கு ஊசியால் தானே தைத்தார். வைணவராகப் பிறந்து கம்பனில் ஊறியவர் எழுதியது என்பதைப் பெருமையாகச் சொல்வார். மின்சாரம் போன இரவுகளில் கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் பகுதியை ராகம் போட்டு வாசிப்பார். பாதியில் குரல் உடைந்துவிடும். எங்கள் பக்கம் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அதே வரியிலிருந்து தொடங்குவார். அது ஜெபமா, இலக்கியமா என்று அன்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை அந்தப் பிரதிதான் என் பையில் இருந்தது. உரையின் முடிவில் அந்தப் பகுதியை வாசிக்க நினைத்திருந்தேன். அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட் இன்னும் அதே பக்கத்தில் இருக்கிறது.