கடித உறையின் இடது மேல் மூலை

நேற்று இரவு பதினொரு மணிக்கு ஒரு தங்கச்சி வட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பியிருந்தாள். நீளமான மண்ணிற உறை. இடது பக்க மேல் மூலையில் பதவியின் பெயரை நீலப் பேனையால் எழுதியிருக்கிறாள், இடம் காணாமல் கடைசி எழுத்துகள் கீழே இறங்கிக் கிடக்கின்றன. "அக்கா, இப்பிடி எழுதினாச் சரியா, இல்லாட்டி ரிஜெக்ட் பண்ணிருவாங்களா?" என்று கேட்கிறாள். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நாலு வருசம் படித்து வெளியே வந்த பிள்ளை, ஆசிரியர் வேலைக்கு முதன்முதலாக விண்ணப்பிக்கிறாள், அவளுடைய பயமெல்லாம் உறை மேலே. வகுப்பறை பற்றி ஒரு கேள்வி கூட இல்லை. அவளைக் குறை சொல்லவில்லை, நானும் அப்படித்தான் இருந்தேன். எங்களிடம் யாரும் வகுப்பறை பற்றிக் கேட்டதில்லை, நாங்கள் மட்டும் ஏன் யோசிக்கப் போகிறோம்?

இலங்கையில் ஆசிரியர் வேலைக்கு இந்த வழியால் போகாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் கெசட், அதாவது அரச வர்த்தமானி அறிவித்தல், வர வேண்டும். தேசியப் பாடசாலை என்றால் கொழும்பில் கல்வி அமைச்சு. மற்ற அரச பாடசாலைகள் எல்லாம் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்துக்குப் பிறகு மாகாணத்தின் கையில், எங்களுக்கு அது திருகோணமலை. அறிவித்தல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, தேர்தல் நெருங்கினால் வரும் என்று எங்கள் வாப்பாமார் அப்பாமார் எல்லோருக்கும் தெரியும். வந்தால் பரீட்சைக் கட்டணம் கட்டி, பற்றுச்சீட்டை விண்ணப்பத்தில் ஒட்டி, கையொப்பத்தை அத்தாட்சிப்படுத்த ஒரு அதிபரையோ சமாதான நீதவானையோ தேடிப் பிடித்து, பதிவுத் தபாலில் போட வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து என்றால் அதற்கு ஒரு சத்தியக் கடதாசி. அதற்குப் பிறகு போட்டிப் பரீட்சை. பொது அறிவும் நுண்ணறிவும். முக்கோணத்துக்குள் வட்டம், வட்டத்துக்குள் புள்ளி, அடுத்த படம் எது? அதைச் சரியாகக் கண்டுபிடித்தால் நீங்கள் எட்டாம் ஆண்டுக்குத் தமிழ் படிப்பிக்கலாம்!

அப்புறம்தான் நேர்முகம். அதோடு ஒரு பிரயோகப் பரீட்சை, கற்பித்துக் காட்ட வேண்டும். எனக்குக் கிடைத்தது ஐந்து நிமிடம்.

அந்த ஐந்து நிமிடத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். விடியச் சாமத்தில் பஸ் ஏறி, சாரி கசங்கிவிடும் என்று திருகோணமலை வரைக்கும் சாயாமல் இருந்து வந்திருக்கிறேன். உள்ளே மூன்று பேர். ஒருவர் என்னுடைய ஃபைலைப் புரட்டுகிறார், ஒருவர் போனைப் பார்க்கிறார், நடுவில் இருந்த அம்மா மட்டும் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். எடுத்த பாடம் பெயரெச்சம். பலகையில் 'ஓடிய ஆறு' என்று எழுதப் போனால் மார்க்கர் காய்ந்து போயிருக்கிறது, 'ஓடி' வரைக்கும்தான் தெரிகிறது. பதற்றத்தில் திரும்பி, "விளங்கிச்சா பிள்ளைகள்?" என்று கேட்டுவிட்டேன். ஃபைல் பார்த்தவர் தலையைத் தூக்காமலே "விளங்கிச்சு டீச்சர்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். போதும் மகள், போகலாம் என்றார்கள். வேலை கிடைத்தது.

நியமனம் படுவான்கரையில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம். களுவாஞ்சிகுடியில் இருந்து குருமண்வெளிக்குப் போய், பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவைப் படகில் மோட்டார்சைக்கிளை ஏற்றி, வாவியைக் கடந்து மண்டூரில் இறங்கி, அங்கிருந்து இன்னும் உள்ளே. முதல் கிழமை எட்டாம் ஆண்டில் அதே பாடம், அதே 'ஓடிய ஆறு'. ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு மிச்ச நேரத்துக்கு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். கடைசி வாங்கில் இருந்த பொடியனை எழுப்பி வாசிக்கச் சொன்னால், அவன் ஓ... டி... என்று எழுத்துக் கூட்டுகிறான், மூன்றாவது எழுத்துக்கு வரும்போது முதலாவது அவனுக்கு மறந்து போகிறது. பெயரெச்சத்தைக் கொண்டு போய் எங்கே வைப்பது? என்னுடைய பட்டப்படிப்பில் இதற்கு ஒரு பாடமும் இருக்கவில்லை, நேர்முகத்திலும் ஒருத்தரும் கேட்கவில்லை.

அதே பாடசாலையில் ஒருத்தி இருந்தாள். தொண்டர் ஆசிரியை. எனக்கு முதல் ஆறு வருசமாக அங்கே படிப்பித்துக்கொண்டிருந்தாள். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் மாதம் கொடுப்பது பஸ் காசுக்கும் பின்னேரத் தேத்தண்ணிக்கும் காணும், அவ்வளவுதான். அவள் புவியியல் பட்டதாரி. ஆனால் அங்கே கணிதத்துக்கு ஆள் இல்லை, அதனால் கணிதம் படிப்பித்தாள். விகிதசமன் படிப்பிக்கிறதை ஒருநாள் வாசலில் நின்று பார்த்தேன். புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "உங்கட அப்பா குத்தகைக்குச் செய்யிற வயல் வட்டை எத்தின ஏக்கர், போன போகம் எத்தின மூடை இறக்கினார், போடியாருக்கு எவ்வளவு போச்சு?" என்று ஒவ்வொருத்தனாகக் கேட்டுப் பலகையில் எழுதுகிறாள். போடியார் என்றால் வயலின் சொந்தக்காரர். வகுப்பே சண்டை பிடித்துக் கணக்குப் பார்க்கிறது. ஓ... டி... என்று எழுத்துக் கூட்டின அந்தப் பொடியனின் தம்பி எழும்பி, போடியார் கூட எடுத்திட்டார் டீச்சர் என்கிறான். இரவு யானை வந்த நாட்களில் எந்தப் பிள்ளை பிந்தி வரும், அறுவடைக் காலத்தில் எந்த வீட்டில் போய்க் கூட்டி வர வேண்டும், எல்லாம் அவளுக்குத் தெரியும்.

அவளுக்கு நியமனம் கிடைக்கவில்லை. புவியியலுக்கு வெற்றிடம் குறைவு, புள்ளி கொஞ்சத்தால் தவறியது. கணிதத்துக்கு விண்ணப்பிக்க அவளிடம் கணிதப் பட்டம் இல்லை. அடுத்த கெசட் வருவதற்குள் 35 தாண்டிவிட்டது. ஒருநாள் கூட வகுப்பில் நிற்காத நான் நிரந்தர ஆசிரியை, ஆறு வருசம் நின்றவள் வயது கூடியவள்.

அப்படியென்றால் தொண்டராக நின்ற எல்லோருக்கும் தூக்கிக் கொடுக்கச் சொல்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. அதிலும் எவ்வளவு விளையாட்டு நடந்தது என்று எங்களுக்குத் தெரியாதா? பாடசாலை எந்தப் பக்கம் என்றே தெரியாதவர்கள் அதிபரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு வந்து நின்றதை நானே பார்த்திருக்கிறேன், மச்சான் முறை, ஊர் முறை, எம்பியின் ஆள் முறை. ஆனால் கடிதத்தை நம்பத் தேவையில்லை. ஒரு பாடசாலையில் நேரசூசி இருக்கிறது, பாடக்குறிப்பு இருக்கிறது, சம்பவத் திரட்டுப் புத்தகம் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பிகள் இருக்கின்றன. ஆறு வருசத்துச் சிவப்புப் பேனைக் கையெழுத்தை ஒரே இரவில் போட முடியாது. பார்க்க மனமிருந்தால் அரை நாளில் பார்த்துவிடலாம்.

நான் கேட்பது இவ்வளவுதான். அந்த ஐந்து நிமிடத்தை நேர்முக அறையில் இருந்து வகுப்பறைக்குக் கொண்டுபோங்கள். விண்ணப்பதாரியை உண்மையான ஒரு பாடசாலையில் ஒரு முழுப் பாடவேளை நிறுத்துங்கள், பின்னால் ஆசிரிய ஆலோசகர் ஒருவர் இருக்கட்டும். ஆள் கூட, செலவு கூட என்பீர்கள். எழுத்துப் பரீட்சையில் வடித்த பிறகு மிஞ்சுகிறவர்களுக்கு மட்டும் செய்யலாம், வலயங்கள் எதற்கு இருக்கின்றன? கல்வியியற் கல்லூரியில் இது நடக்கிறதுதானே. தாளங்குடாவிலோ அட்டாளைச்சேனையிலோ போகிற பிள்ளை இரண்டு வருசம் உள்ளே படித்து, மூன்றாவது வருசம் பாடசாலையில் கட்டுறுபயிற்சி செய்த பிறகுதான் நியமனம். உயர்தரம் முடித்துவிட்டுப் போகிற பிள்ளைக்கு ஒரு வருசம் வகுப்பறை, பட்டதாரிக்கு ஐந்து நிமிடம். பட்டப்பின் கல்வி டிப்ளோமாவை வேலை கிடைத்த பிறகு சனி ஞாயிறில் ஓடி ஓடிச் செய்கிறோம். நீந்தத் தெரியாதவனை வாவியில் தள்ளிவிட்டு, பிறகு கரையில் இருந்து புத்தகம் எறிகிற கதை.

அரசாங்கம் இதை ஆசிரியர் தேவை என்று பார்க்காமல் பட்டதாரிப் பிரச்சினை என்றே பார்க்கிறது. 2017இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் பட்டதாரிகள் மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் இருந்தார்கள், என்னுடைய பட்ச் பிள்ளைகளும் இருந்தார்கள், நான் இரண்டு நாள் போய்விட்டு வந்தேன், அதற்கு மேல் வீட்டில் விடவில்லை. 2020இல் இருபதாயிரம் ரூபாய் கொடுப்பனவோடு பயிலுனர் என்று கூட்டமாக எடுத்து, பிறகு அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று பெயர் வைத்து, அதில் நிறையப் பேரைப் பாடசாலைகளில் கொண்டுபோய் விட்டார்கள். அவர்கள் படிப்பிக்கிறார்கள், ஆனால் ஆசிரியர்கள் இல்லை. கலைப்பிரிவுக்காரர் வரிசையில் நிற்க, கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் என்றால் படுவான்கரையில் கதிரை வெறுமையாகக் கிடக்கும். இதையெல்லாம் ஒரு தொகை நியமனத்தால் சரிசெய்ய முடியாது.

இப்போது என்னுடைய வண்டவாளம். நியமனம் கிடைத்து மூன்றாம் மாதம் இடமாற்றத்துக்குக் கடிதம் எழுதினேன். காரணம்: தாயாரின் சுகயீனம். அம்மாவுக்கு ஒன்றும் இல்லை, முற்றத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். பாதையைத் தவறவிட்டால் அடுத்ததுக்கு நிற்க வேண்டும், மாரியில் சாரியை முழங்கால் வரை தூக்க வேண்டும், எனக்கு ஏலாமல் போய்விட்டது. கடிதத்தைக் கொடுக்க அலுவலகத்துக்குப் போனபோது அந்தத் தொண்டர் ஆசிரியை வகுப்பில் நின்றாள். கையில் இருப்பது என்ன என்று அவளுக்கு விளங்கியிருக்கும். ஒன்றும் கேட்கவில்லை. "மழை வரப் போகுது புள்ள, வெள்ளனப் பாதையைப் பிடி" என்றாள், அவ்வளவுதான். கடிதத்தைக் கொடுக்காமல் திரும்பி வந்ததாகச் சொன்னால் நல்லாயிருக்கும். கொடுத்தேன். அது கிடைக்கவில்லை என்பது வேறு கதை.

சரி, உறை அனுப்பின தங்கச்சிக்கு வருகிறேன். எழுத்து கீழே இறங்கினாலும் பரவாயில்லை, வாசிக்கத் தெரிந்தால் போதும் என்று எழுதினேன். எல்லாச் சான்றிதழிலும் இரண்டு போட்டோக்கொப்பி எடுத்து வை, பதிவுத் தபால் துண்டைத் தொலைக்காதே, முடிவுத் திகதிக்கு முதல் நாள் தபால் கந்தோரில் போய் நிற்காதே. அதோடு, விண்ணப்பம் போட்ட பிறகு சும்மா வீட்டில் இராமல் பக்கத்துப் பாடசாலை அதிபரிடம் கேட்டு ஒரு கிழமை பின் வாங்கில் இருந்து பார், முடிந்தால் ஆறாம் ஆண்டில், வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குப் பக்கத்தில் இரு என்றேன்.

"அது பரீட்சைக்கு வருமா அக்கா?" என்று கேட்டாள்.

வராது என்று அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் இன்னும் வரவில்லை.