ஒரு முறை கேட்டால் இத்தனை சென்? அப்படி எதுவும் இல்லை

இணையத்தில் பாட்டுக் கேட்கும் ஸ்பாட்டிஃபை செயலியில் பாட்டை ஏற்றினால், ஒவ்வொரு முறை கேட்கும்போதும் பாடகருக்கு நேராக இத்தனை சென் வரும் என்று மலேசியாவின் சுங்கை சிப்புட் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

அங்கே நிலையான விலை கிடையாது. சந்தா, விளம்பர வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை ஒதுக்கி, மொத்தக் கேட்பில் யார் பாட்டுக்கு எவ்வளவு பங்கு என்று பார்த்துப் பிரிக்கிறார்கள். அதுவும் முதலில் லேபிளுக்கோ (பாட்டை வெளியிடும் நிறுவனம்), பாட்டைச் செயலிகளில் ஏற்றித் தரும் விநியோக நிறுவனத்துக்கோ போகும்; அப்புறம்தான் ஒப்பந்தப்படி பாடகருக்கு. 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டியே (பதிவுக்கான உரிமைத்தொகை) இல்லை.

தோட்டத்துப் பிள்ளைகள் கடன் வாங்கி ஸ்டூடியோவுக்குப் போகும்போது இந்தப் பொய்க் கணக்கைப் பரப்புவது கொடுமை. பாடலாசிரியர், இசையமைப்பாளர் ராயல்டி தனி. மலேசியாவில் அதை வசூலித்துத் தரும் எம்.ஏ.சி.பி. (MACP) அமைப்பில் பதிந்துகொள்ளுங்கள்.