தீர்ப்பு வரும்வரை சொத்து இருக்க வேண்டாமா?

கடன் வழக்கில் தீர்ப்புக்கு முன்பே எதிராளியின் சொத்தை, கைமாற்ற முடியாதபடி கோர்ட் முடக்குவது அநியாயம் என்கிறது நான் வாசித்த ஒரு கட்டுரை, என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நுவரெலியா, வெலிமடைப் பக்கம் கரட்டும் லீக்ஸும் கடனுக்குக் கொடுத்த விவசாயி வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்து தீர்ப்பு வாங்கும்போது, வியாபாரியின் லொறியும் காணியும் மச்சான் பேருக்கு மாறியிருந்தால் அந்தத் தீர்ப்பை வைத்து என்ன செய்வது? இதற்குத்தான் சிவில் வழக்குகள் நடக்கும் முறையைச் சொல்லும் இலங்கைச் சட்டமான நம் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையில், தீர்ப்புக்கு முன்பே சொத்தை முடக்க இடம்தரும் 653ஆம் பிரிவு இருக்கிறது. சும்மா கேட்டால் முடக்கும் உத்தரவு கிடைக்காது. கடனைக் கட்டாமல் தப்பிக்க எதிராளி மோசடியாகச் சொத்தைக் கைமாற்றுகிறார் என்று நம்பக் காரணம் இருப்பதைச் சத்தியக்கடதாசியோடு (சத்தியம் செய்து எழுதிக்கொடுக்கும் வாக்குமூலம்) நீதிபதிக்குக் காட்ட வேண்டும், அப்புறம் முடக்கியதால் நட்டம் வந்தால் ஈடுசெய்வதாகப் பிணைமுறியும் எழுதிக்கொடுக்க வேண்டும். ஏழை விவசாயிக்கு இடிப்பது இந்தப் பிணைதான், கட்டுரை அதைத் தொடவே இல்லை.