ஃபிசிக்ஸ் பிஎச்டிக்கு எவ்வளவு கட்டணும்?

எம்.எஸ்சி. ஃபிசிக்ஸ் படிக்கிற பிள்ளை பிஎச்டி போகிறேன் என்றால், வீட்டில் வரும் முதல் கேள்வி "அதுக்கு எவ்வளவு கட்டணும்?" என்பதுதான். கட்ட வேண்டாம், அவர்கள்தான் தருவார்கள் என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்துப் பிஎச்டி சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. இது 2023 ஜனவரியில் உயர்த்திய தொகை. வீட்டு வாடகைப் படி தனி. (பணம் மாதா மாதம் ஒழுங்காக வருமா என்பது வேறு கதை. பல மாதம் இழுத்தடித்து மொத்தமாகப் போடுவதும் நடக்கிறது.) உதவித்தொகை இல்லாமல் சேர்ந்தால் மட்டும், வீட்டில் கேட்பது சரியான கேள்வி.

என் ஆதங்கம், இதெல்லாம் எம்.எஸ்சி. கடைசி செமஸ்டரில்தான் பிள்ளைகள் காதில் விழுகிறது என்பது. பெங்களூரு ஐஐஎஸ்சியின் (இந்திய அறிவியல் நிறுவனம்) ஒருங்கிணைந்த பிஎச்டிக்கு, அதாவது எம்.எஸ்சி.யும் பிஎச்டியும் சேர்ந்த படிப்புக்கு, பி.எஸ்சி. முடிக்கும்போதே ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதிப் போகலாம். சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது, 1962-இல் தொடங்கியது. அங்கே இயற்பியல் பிஎச்டி சேர ஜெஸ்ட் என்ற நுழைவுத் தேர்வு எழுதலாம். வாணியம்பாடிக்குப் பக்கத்தில் காவலூர் வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. வாணியம்பாடிப் பக்கத்துக் கல்லூரிகளில் எத்தனை பேருக்கு அதை வைத்து ஆராய்ச்சி செய்யலாம் என்று தோன்றியிருக்கும்?

தெரிந்தாலும் அடுத்த தடை நம் பரீட்சை முறை. ஸ்பிரிங்கில் கட்டியதுபோல அலையும் துகளான ஹார்மோனிக் ஆஸிலேட்டரைப் பக்கம் பக்கமாக டெரைவ் பண்ணி முழு மார்க் வாங்குகிறோம். நுழைவுத் தேர்வில் அதே ஆஸிலேட்டரின் நடுவில் ஒரு சுவர் வைத்துவிட்டு, இப்போது தரைநிலை ஆற்றல், அதாவது மிகக் குறைந்த ஆற்றல், என்ன என்பார்கள். சுவரில் அலைச்சார்பு (துகளின் நிலையைச் சொல்லும் குவாண்டம் சார்பு) பூஜ்ஜியமாக வேண்டும், அதனால் ஒற்றைப்படை நிலைகள் மட்டுமே மிஞ்சும், ஆற்றல் மூன்று மடங்காகும். இரண்டே வரி. இதை வகுப்பில் யோசிக்க வைக்காமல் "நம்ம பசங்களுக்கு ஜெஸ்ட் கஷ்டம்" என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

அப்புறம், இடம் கிடைத்ததும் நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்த்துச் சேராதீர்கள். கைடின் கீழ் இப்போது இருக்கும் ஸ்காலர்களிடம் தனியாகப் பேசுங்கள். முந்தையவர்கள் எத்தனை வருடத்தில் தீசிஸ் கொடுத்தார்கள்? ப்ராஜெக்ட்டில் பணம் இருக்கிறதா? சோதனை இயற்பியல் என்றால், லேபில் இருக்கும், எக்ஸ்ரே வைத்துப் படிக அமைப்பைப் பார்க்கும் எக்ஸ்ஆர்டி மெஷின் நிஜமாகவே ஓடுகிறதா, இல்லை சாம்பிளைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்கு அலைய வேண்டுமா என்பதையும் கேளுங்கள்.