"பழைய வண்டின்னா பிரேக் கத்தத்தான் சார் செய்யும்" என்று இனி யாரும் என்னிடம் சொல்லாதீர்கள்

"செகண்ட் ஹேண்ட் வண்டிதானே சார், பிரேக் கொஞ்சம் கத்தத்தான் செய்யும். ஓட்ட ஓட்டச் சரியாயிடும்."

இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. நான் வாங்கிய பழைய காரின் பிரேக் கத்துகிறதே என்று கேட்டால், அதை விற்ற யார்டுக்காரர், அதாவது பழைய கார் விற்பவர், சொன்னார். தெருமுனை மெக்கானிக் சொன்னார். சர்வீஸ் சென்டரில் டேப்லெட்டும் கையுமாக நின்ற அட்வைசரும் அதையேதான் சொன்னார். மூன்று பேரில் ஒருவர்கூட வீலைக் கழற்றிப் பார்க்கவில்லை. நாலு போல்ட்டைக் கழற்றினால் கண்ணுக்குத் தெரிகிற விஷயத்தை, நின்ற இடத்திலிருந்தே எப்படி ஐயா தீர்ப்புச் சொல்கிறீர்கள்?

துரு என்றாலே பதறுகிற ஆள் இல்லை நான். வீலோடு சேர்ந்து சுற்றும் தட்டான பிரேக் டிஸ்க் வார்ப்பிரும்பு. ராத்திரி மழை பெய்தால் காலையில் அதன்மேல் ஆரஞ்சு நிறத்தில் படலம் பிடித்திருக்கும். வண்டியைக் கழுவி நிறுத்தினாலும் பிடிக்கும். கிளம்பி நாலைந்து முறை பிரேக் மிதித்தால் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடே அதைத் தேய்த்து எடுத்துவிடும், சத்தமும் போய்விடும். அது கோளாறே இல்லை. அதற்காக யாராவது பேட் மாற்றச் சொன்னால் மாற்றாதீர்கள்.

என் வண்டியில் இருந்தது வேறு துரு. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் உப்புக் காற்றில் மாதக்கணக்காக அசையாமல் நின்ற வண்டி அது. டிஸ்க்கைத் துரு உள்ளே அரித்துக் குழி குழியாக்கியிருந்தது. வெளி விளிம்பில் நகத்தால் நெருடினால் தட்டுப்படும் அளவுக்கு மேடு. வெளிப் பக்கமாவது பரவாயில்லை, யார் கண்ணிலும் படாத உள் பக்கம் அதைவிட மோசம். இப்படிப்பட்ட டிஸ்க்கில் புதுப் பேட் போட்டாலும் பேடைத்தான் அது அரைத்துத் தின்னும். ஓட்ட ஓட்ட எங்கிருந்து சரியாகும்?

பானெட்டுக்குப் பாலிஷ் போட்டிருந்தார்கள். டயரைப் பளபளவென்று கறுப்பாக்கியிருந்தார்கள். சீட்டுக்குப் புது கவர், உள்ளே வாசனைக்கு ஒரு புட்டி. என் கையில் கொடுத்த பரிசோதனைத் தாளில் பிரேக்குக்கு நேராகப் பச்சை டிக். அந்த டிக்கைப் போட்டவர் எந்த வீலைக் கழற்றினார்? எந்தப் பேடின் கனத்தை அளந்தார்? கேட்டால், "டெஸ்ட் டிரைவ்ல நீங்களே ஓட்டிப் பாத்தீங்கல்ல சார்" என்று பந்தை என் பக்கம் தள்ளுகிறார்கள். வண்டியை முன்கூட்டியே நாலு ரவுண்டு ஓட்டி, மேல் துருவைத் தேய்த்துவிட்டு, அதன் பிறகு சாவியைக் கையில் கொடுத்தால் வாங்குகிறவனுக்கு என்ன தெரியும்?

பிரேக் சத்தத்திலேயே வித்தியாசம் இருக்கிறது. அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது தெரியாமல் இல்லை. மெல்லிசாக, விடாமல் "கீ..ச்" என்று வந்தால், பல வண்டிகளில் அது பேடோடு வைத்த சின்ன இரும்புத் தகடு டிஸ்க்கில் உரசுவது. பேட் தேய்ந்து இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு வந்ததும் சத்தம் போட வேண்டும் என்பதற்காகவே வண்டி செய்தவன் வைத்த தகடு அது! அந்த எச்சரிக்கையைத்தான் "பழகிடும் சார்" என்று அமுக்குகிறார்கள். அதையும் தாண்டி "கர கர"வென்று அரைத்தால் பேட் பொருள் தீர்ந்து இரும்போடு இரும்பு உராய்கிறது என்று பயப்பட வேண்டும். பிரேக் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால் பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் நகர்கிற கம்பி துருப்பிடித்து இறுகியிருக்கலாம். இறுகினால் டிஸ்க்கின் இரு பக்கமும் உள்ள பேடில் ஒன்று மட்டும் கரைந்துபோகும், மறு பக்கம் புதுசு மாதிரியே இருக்கும். வெளிப் பேடை மட்டும் எட்டிப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனவர் ஏமாந்தது இதில்தான். ஏமாந்தது அவர், ஓட்டுவது நான்.

இன்னொரு வேலை செய்வார்கள், அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. பேடைக் கழற்றி உப்புத்தாளில் நாலு தேய்ப்பு, ஓரத்தைக் கொஞ்சம் சீவல், மாட்டிக் கொடுத்துவிட்டு லேபர் சார்ஜ். சத்தம் சில நாள் அடங்கும், மறுபடி வரும், மறுபடி லேபர் சார்ஜ். டிஸ்க்கின் குறைந்தபட்சக் கனம் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போனால் லேத்தில் கொடுத்துச் சீவக் கூடாது, மாற்றித்தான் ஆக வேண்டும். ஒரு மைக்ரோமீட்டரை வைத்து அளக்க எவ்வளவு நேரமாகும்?

பின் வீலைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. நம்மூர்ச் சின்ன கார்களில் பெரும்பாலும் பின்னால் டிரம் பிரேக்தான், மூடிய டிரம்முக்குள் ஷூ என்ற கட்டை விரிந்து உரசி நிறுத்துகிற வகை. மூடியிருப்பதால் யாரும் திறப்பதில்லை. என் வண்டியில் திறந்தபோது ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டர் ஆயில் கசிந்து ஷூவெல்லாம் ஈரம். பிரேக் ஆயில் டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. அந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏற ஏறக் கொதிநிலை குறையும். டாட் 4 என்ற தர ஆயில் என்றால் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் ஏறிய பிறகு அந்த அளவுகோலே 155தான். ஏலகிரிக் கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது ஆயில் கொதித்துப் பெடல் தரை வரை போனால், அந்தப் பச்சை டிக் வந்து வண்டியை நிறுத்துமா? பின் சீட்டில் என் அம்மா உட்கார்ந்திருப்பார்.

சட்டமாவது கேட்கிறதா என்றால் அதுவும் இல்லை. பெயர் மாற்றத்துக்கு படிவம் 29 கேட்பார்கள், 30 கேட்பார்கள், இன்ஷூரன்ஸ் கேட்பார்கள், புகைச் சான்று கேட்பார்கள். பிரேக் பிடிக்கிறதா என்று ஒரு தாளிலும் கேள்வி கிடையாது. வாடகை வண்டிக்கு எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று, அதன் பிறகு வருஷா வருஷம். சொந்தக் காருக்குப் பதினைந்து வருஷம் முடிகிற வரை யாரும் தொட்டுப் பார்க்க வேண்டாம். அதற்குள் எத்தனை கை மாறினாலும் சரி. புகையைச் சோதிக்கிற நாட்டில் பிரேக்கைச் சோதிக்க முடியாதா? கை மாறும்போது ஒரே ஒரு முறை, நாலு வீலையும் கழற்றிப் பார்த்து, பேட் கனத்தையும் டிஸ்க் கனத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். எத்தனை யார்டுகளில் வண்டி நகராமல் நிற்கும் என்று அப்போது தெரியும்.

இத்தனைக்கும் இது சென்னை. பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் 1962-இல் தொடங்கிப் பாடிப் பகுதியில் பிரேக் செய்கிற ஊர். அம்பத்தூரில் பிரேக் லைனிங் செய்கிறார்கள். இந்தத் தொழிலை நம்பி எத்தனையோ குடும்பங்கள் இங்கே வாழ்கின்றன. பிரேக் என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. கடைசியில் என் வண்டியைச் சரிசெய்தவரும் அப்படி ஒரு பெரியவர்தான். கொட்டகை மாதிரிக் கடை, பெயர்ப் பலகைகூடக் கிடையாது. ஜாக்கி போட்டார், நாலு வீலையும் கழற்றினார், என்னைக் கூப்பிட்டுக் குனிந்து பார்க்கச் சொன்னார். "இதை வெச்சு எப்படிங்க இவ்வளவு நாள் ஓட்டுனீங்க?" என்றார். அவர் செய்ததை அந்த மூன்று பேரும் செய்திருக்கலாம்.

முன் டிஸ்க், பேட், பின் வீல் சிலிண்டர், ஷூ, ஆயில் எல்லாம் புதுசு. செலவு முழுக்க என்னுடையது. பரிசோதனைத் தாள், கழற்றிய டிஸ்க்குகளின் படங்கள், பெரியவர் எழுதிக் கொடுத்த பில் எல்லாவற்றையும் சேர்த்து யார்டுக்கு அனுப்பினேன். "டெலிவரிக்கு அப்புறம் தேய்மான பாகங்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று ஒரு வரி பதில். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம், ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் இல்லை. மனு எழுதிவிட்டேன். அந்தப் பச்சை டிக் போட்ட தாள்தான் முதல் ஆவணம்.