ஆம்ப் இலவசம், அழுகை தனி

தண்டையார்பேட்டை டி.எச். ரோட்டில் எட்டியப்பன் அண்ணனின் கார் வயரிங் கடை. கடை என்றால் ஒரு ஷட்டர், ஒரு ஸ்டூல், செத்த பேட்டரிகள் பதினைந்து, அவ்வளவுதான். என் ஸ்கூட்டர் ஹாரன் ஊமையாகிவிட்டதால் அங்கே போய் உட்கார்ந்திருந்தேன். அப்போது காசிமேட்டில் மீன் ஏலம் விடும் பாஸ்கர் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அதற்கப்புறம் என் ஹாரனை யாரும் சீண்டவில்லை.

பாஸ்கர்: அண்ணே, வண்டி அழுகிறது.

எட்டியப்பன்: ஏன், அதற்கு என்ன குறை வைத்தாய்?

பாஸ்கர்: விளையாடாதீர்கள் அண்ணே. ஆக்சிலேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் ‘ஙொய்ய்ய்’ என்று ஏறுகிறது, காலை எடுத்தால் இறங்குகிறது. போன வெள்ளிக்கிழமை மாமியாரைத் திருவொற்றியூர் கோயிலுக்குக் கூட்டிப்போனேன், வண்டிக்குள் யாரோ ஒப்பாரி வைக்கிறார்கள் என்று வழியெல்லாம் வடிவுடையம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

எட்டியப்பன்: சரி, அப்புறம்?

பாஸ்கர்: மூன்று நாள் சேர்ந்தாற்போல நின்றால் செல்ஃப் எடுக்காது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், ஏலம் கிடையாது, வண்டி வாசலிலேயே கிடந்தது. தள்ளித் தள்ளித் தெருப் பசங்களுக்கெல்லாம் உடம்பு ஏறிவிட்டது. அப்புறம் இடது பக்கத்து ஸ்பீக்கர்கள் பாடாது. எஃப்.எம்.மில் 101.4 வைத்தால் அப்பளம் பொரிக்கிற சத்தம்.

எட்டியப்பன்: எத்தனை பேரிடம் காட்டினாய்?

பாஸ்கர்: மூன்று பேர். ஒருத்தர் பேட்டரியை மாற்றினார். ஒருத்தர் ஸ்டீரியோவே போச்சு, 18,000 ஆகும் என்றார். இன்னொருத்தர் எலுமிச்சம்பழம் கட்டினார்.

எட்டியப்பன்: பழத்துக்கு எவ்வளவு வாங்கினார்?

பாஸ்கர்: பத்து ரூபாய்.

எட்டியப்பன்: மூன்று பேரில் அவர்தான் யோக்கியர். கடைசியாக வண்டியில் என்ன மாட்டினாய்?

பாஸ்கர்: ஒன்றுமே மாட்டவில்லை அண்ணே. கம்பெனி கொடுத்தது கொடுத்தபடி இருக்கிறது.

(அண்ணன் டிக்கியைத் திறந்தார். உள்ளே ஐஸ் பெட்டி அளவுக்கு ஓர் ஊஃபர் ஸ்பீக்கர், அதன் மேல் அம்மிக்கல் மாதிரி ஓர் ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபயர். டாக்டரிடம் “நான் இனிப்பையே தொடுவதில்லை” என்று சொல்கிறவர் சட்டைப் பையில் அதிரசம் இருந்த கதைதான்.)

எட்டியப்பன்: இது கம்பெனி கொடுத்ததா?

பாஸ்கர்: அது... என் மச்சான் கொடுத்தது. என் வீட்டுக்காரியின் தம்பி. ஒரு பைசா வாங்கவில்லை அண்ணே, தங்கமான பையன்.

எட்டியப்பன்: தங்கம் மஞ்சள் டேப்பாகச் சுற்றி வைத்திருக்கிறான். சரி, சாவியை மட்டும் போடு, எஞ்சின் வேண்டாம். பாட்டு வை. அழுகிறதா?

பாஸ்கர்: இல்லை.

எட்டியப்பன்: இப்போது ஸ்டார்ட் பண்ணு.

(ஙொய்ய்ய். டீக்கடை நாய் எழுந்து உட்கார்ந்தது.)

எட்டியப்பன்: பார்த்தாயா, எஞ்சின் ஓடினால்தான் வருகிறது. அப்படியானால் ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிற சத்தம்.

பாஸ்கர்: ஐயோ, ஆல்டர்னேட்டர் போச்சா?

எட்டியப்பன்: முழுசாகக் கேள்! மீட்டரில் 14.2 வோல்ட் காட்டுகிறது, அது ஜம்மென்று இருக்கிறது. ஆல்டர்னேட்டர் ஏசி கரன்ட்டை உண்டாக்கி, டையோடு வழியாக டிசி ஆக்கி அனுப்புகிறது. எவ்வளவு வடிகட்டினாலும் கொஞ்சம் அலை மிச்சம் இருக்கும். எல்லா வண்டியிலும் இருக்கும், யாருக்கும் கேட்காது. உன் ஸ்டீரியோவுக்கு எர்த் முன்னாடி. ஆம்புக்கு எர்த் இங்கே டிக்கியில், அதுவும் பெயின்ட் மேலேயே போல்ட்டை முறுக்கி வைத்திருக்கிறான், அதில் காசிமேட்டு உப்புக் காற்று பட்டுத் துருப் பிடித்திருக்கிறது. ரெண்டு எர்த்தும் ஒரே மட்டத்தில் இல்லை. அந்த வித்தியாசம் பாட்டு வருகிற கேபிள் வழியாக ஓடுகிறது, அதைத்தான் ஆம்ப் பெரிசு பண்ணி உன் மாமியாருக்குக் கேட்க வைக்கிறது. போதாததற்குப் பவர் ஒயரையும் பாட்டு ஒயரையும் ஜடை பின்னி ஒரே பக்கமாகக் கொண்டுவந்திருக்கிறான், உன் தங்கம்.

(கால் மணி நேரம் ஆனது. பெயின்ட்டைச் சுரண்டிப் பளபளவென்று இரும்பு தெரிய வைத்து, ஒரு முழத்துக்குள் தடியான ஒயராகப் போட்டு எர்த் கொடுத்தார், பாட்டு ஒயரை எதிர்ப் பக்கம் மாற்றினார். ஒப்பாரி நின்றது. நாய் படுத்துக்கொண்டது.)

பாஸ்கர்: அந்த இடது பக்கத்து ஸ்பீக்கர்கள்?

எட்டியப்பன்: வீட்டில் குழந்தை இருக்கிறதா?

பாஸ்கர்: நாலு வயசில் ஒன்று. ஏன்?

எட்டியப்பன்: ஸ்டீரியோவில் சத்தத்தை இடம் வலமாகப் பிரிக்கிற பேலன்ஸை வலது ஓரத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறது. இந்தா, நடுவில் வைத்துவிட்டேன், பாடுகிறது.

பாஸ்கர்: இதற்கு ஒருத்தர் கதவையே பிரித்தார் அண்ணே!

எட்டியப்பன்: லைட்டர் சாக்கெட்டில் இருக்கிற அந்த சார்ஜரையும் பிடுங்கு. 12 வோல்ட்டை நொடிக்கு லட்சக்கணக்கான தடவை வெட்டித்தான் 5 வோல்ட் ஆக்குகிறது, மட்டமான சார்ஜர் என்றால் அந்த வெட்டு சத்தம் ரேடியோவில் அப்பளமாகப் பொரியும். பொரிகிறதா இப்போது?

பாஸ்கர்: இல்லையே! சரி, பேட்டரி?

எட்டியப்பன்: அதற்கு நேரம் ஆகும். கண்ணாடியை இறக்கி வைத்துப் பூட்டு. இந்தக் காலத்து வண்டி பூட்டினதும் தூங்காது, உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கண் அசர அரை மணி நேரம்கூட ஆகும். மீட்டரைப் போட்டுவிட்டு டீ குடிப்போம்.

(குடித்தோம். என் காசு.)

எட்டியப்பன்: 0.4 ஆம்பியர். வண்டி தூங்கும்போது 0.05-க்குள் இருக்கவேண்டும் நைனா. உன்னுடையது 45 ஏ.எச். (ஆம்பியர்-ஹவர்) பேட்டரி. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 10 ஏ.எச். குடித்தால் மூன்றாம் நாள் எப்படி செல்ஃப் எடுக்கும்? உள்ளே ஏதோ ஒன்று தூங்க விடாமல் பண்ணுகிறது.

பாஸ்கர்: ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்களேன்.

எட்டியப்பன்: பிடுங்கி மாட்டினால் தூங்குவதும் எழுந்துகொள்ளும். ஃப்யூஸ் தலையில் ரெண்டு புள்ளி இருக்கிறதல்லவா, அதில் மில்லிவோல்ட் பார்த்தாலே எதில் கரன்ட் ஓடுகிறதென்று தெரிந்துவிடும்... இதோ. ஸ்கேனர் மாட்டுகிற சாக்கெட்டின் ஃப்யூஸ். ஸ்டீரிங்குக்குக் கீழே குனிந்து பார், என்ன தெரிகிறது?

பாஸ்கர்: பச்சை லைட் மினுக்குகிறது. அது கம்பெனி லைட் அண்ணே, ரொம்ப நாளாக இருக்கிறது.

எட்டியப்பன்: ரொம்ப நாள் என்றால்? ஆம்ப் மாட்டின நாளிலிருந்தா?

பாஸ்கர்: ...ஆமாம்.

எட்டியப்பன்: (பிடுங்கி எடுத்து) ஜி.பி.எஸ். டிராக்கர். வண்டியில் பெட்டிகள் எல்லாம் ரெண்டே ஒயரில் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ளும். இது அந்த ஒயரில் உட்கார்ந்துகொண்டு நொடிக்கொரு தரம் ‘தூங்கிட்டியா? தூங்கிட்டியா?’ என்று கேட்கிறது. யார் தூங்குவார்கள்? இதிலே சுற்றியிருக்கிற டேப் என்ன கலர் என்று பார்.

பாஸ்கர்: மஞ்சள்.

(சற்று நேரம் யாரும் பேசவில்லை. ஒரு கன்டெய்னர் லாரி போனது.)

பாஸ்கர்: அண்ணே, டாக்டர் எனக்கு எண்ணெய்ப் பலகாரமே கூடாது என்று சொல்லியிருக்கிறார். ஏலம் முடிந்து பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ, அதான் அந்த பர்மா நூடுல்ஸ், சாப்பிட நிறுத்துவேன். முட்டையைக் கையில் எடுத்த நேரம் பார்த்து வீட்டுக்காரியிடமிருந்து போன் வரும், ‘அங்கே என்ன வேலை?’ என்பாள். அவளுக்கு அம்மன் அருள் என்று நினைத்து நான் பயந்துபோய்ப் பாதி சாப்பாட்டில் எழுந்து வந்திருக்கிறேன்!

(போன் அடித்தது. அடிக்காமல் இருக்குமா?)

பாஸ்கர்: சொல்லும்மா... காணோமா? எதைக் காணோம்?... இல்லை இல்லை, வயரிங் கடையில்தான் இருக்கிறேன், பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள்... ஆமாம்மா, இதோ மாட்டிவிடுவார்.

எட்டியப்பன்: மாட்டவா? சாவி போட்டால் மட்டும் கரன்ட் வருகிற மாதிரி ஒயர் மாற்றித் தருகிறேன், பேட்டரி இறங்காது, வீட்டிலும் சண்டை வராது.

பாஸ்கர்: அது மெதுவாகப் பண்ணலாம். இந்தக் கடையில் உயிரோடு ஏதாவது பேட்டரி இருக்கிறதா?

எட்டியப்பன்: ஒன்று இருக்கிறது. எதற்கு?

பாஸ்கர்: டிராக்கரை அதில் கொடுத்து வையுங்கள். வண்டி ஒரு மணி நேரம் இங்கேயே ரிப்பேரில் நிற்கட்டும். நான் ஓர் எட்டு பீச் ஸ்டேஷன் வரைக்கும் போய்விட்டு வருகிறேன்.

எட்டியப்பன்: (ஒயரைச் சீவிக்கொண்டே) எனக்கு ஒரு மொய்ங்கா பார்சல். சூப்பைத் தனியாகக் கட்டச் சொல்.