காட்டேஜ் வாடகை தேயிலை வருமானம் ஆகாது

குன்னூர், கோத்தகிரி குரூப்கள்ல ஒரு மெசேஜ் சுத்துது, தோட்டத்துக்குள்ள காட்டேஜ் இருந்தா அந்த வாடகையையும் விவசாய வருமானம்னு காட்டிடலாம், வரியே இல்லன்னு. இது தப்புங்க. சொந்த தோட்டத்து பச்சை இலை வித்த காசு விவசாய வருமானம்தான், ஆனா டூரிஸ்ட் தங்குற வாடகை எந்த தோட்டத்துல இருந்தாலும் அந்த கணக்குல வராது. நாமளே தூளாக்கி வித்தா கூட லாபத்துல 40 சதவீதத்துக்கு வரி உண்டு.

மாட்டுறது எப்படின்னா, புக்கிங் ஆப் டிடிஎஸ் (நமக்கு காசு தர்றப்பவே கழிக்கிற வரி) பிடிச்சிருந்தா அது நம்ம பான் நம்பர்ல ஏறிடும், ரிட்டர்ன்ல இல்லன்னா கம்ப்யூட்டரே காட்டிக் குடுத்துடும். பொய்க்கணக்குன்னு முடிவானா வரி, வட்டி, அதுக்கு மேல அந்த வரியில 200 சதவீதம் அபராதம், சின்ன விவசாயி தாங்க மாட்டாங்க. வருமான வரி போர்ட்டல்ல ஏஐஎஸ் (நம்ம பான்ல பதிவான வருமான விவரப் பட்டியல்) திறந்து நீங்களே பாருங்க. ஏற்கனவே வாடகையை விவசாய வருமானம்னு போட்டவங்க நோட்டீஸ் வர்றதுக்குள்ள ஆடிட்டரைப் பார்த்து அப்டேட்டட் ரிட்டர்ன் (முன்னாடி போட்டதைத் திருத்தி மறுபடி போடுற ரிட்டர்ன்) போடுங்க. தயவுசெஞ்சு அந்த மெசேஜை இனி யாருக்கும் அனுப்பாதீங்க.